காடில்லாத அரசர்களின் யானைப்படை

கி.மு. 302ஆம் ஆண்டு, குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவராக இருந்து அரசரான செலூக்கஸ் தன் படையோடு கப்படோக்கியாவுக்கு வந்து சேர்ந்தார். இன்றைய துருக்கியின் நடுப்பகுதி அது. குளிரைக் கழிக்க வீரர்களுக்குக் குடிசைகள் போடப்பட்டன. அந்தப் பாசறையின் கணக்கைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் எழுதி வைத்திருக்கிறார்: காலாட்படையில் சுமார் 20,000 பேர், குதிரைவீரர் சுமார் 12,000 பேர், யானைகள் 480. சிந்து ஆற்றங்கரைக்கும் அந்த இடத்துக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவ்வளவு தூரத்தையும் யானைகள் நடந்தே கடந்திருந்தன.

அடுத்த ஆண்டு இப்சஸ் களத்தில், எதிரிப் பக்கத்துக் குதிரைப்படை வெற்றிக் களிப்பில் வெகுதூரம் துரத்திக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரப் பார்த்தபோது இந்த யானைகள் குறுக்கே நின்றன. துணைக்கு ஆள் வராமல், எதிரிப் படையின் தலைவரும் அலெக்சாண்டரின் பழைய தளபதியுமான, எண்பது வயது தாண்டிய ஆண்டிகோனஸ் களத்திலேயே இறந்தார். அலெக்சாண்டர் விட்டுப்போன நிலப்பரப்பை மீண்டும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவரும் பெரிய முயற்சி அவரோடு முடிந்துபோனது.

யானைப்படை என்றாலே இப்படிப்பட்ட போர்க்களக் கதைகளைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சிரியாவிலும் எகிப்திலும் துனீசியாவின் கரையிலும் ஆண்ட இந்த அரசர்களுக்கு யானை எங்கிருந்து கிடைத்தது? பிடித்தது யார், பழக்கியது யார்? மத்தியதரைக் கடல் யானைப்படைகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் போர்த்தந்திரத்தைவிட இந்த வரத்துப் பாதைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

குதிரையைப் போல யானையை லாயத்தில் பெருக்க முடியாது. கரு சுமக்கும் காலமே ஏறக்குறைய 22 மாதம். பிறந்த கன்று வேலைக்கு ஆகப் பல ஆண்டுகள் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். வளர்ந்த யானை நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும். ஆகவே யானையைக் காடே வளர்த்துக் கொடுக்கட்டும், வளர்ந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பதே இந்தியாவின் பழைய வழக்கம். இருபது வயது யானையைப் பிடி, பிடிக்க வேண்டிய காலம் கோடை, சினைப்பிடியையும் கன்று ஈன்ற பிடியையும் விட்டுவிடு என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. யானைக்காடுகளைக் காக்கத் தனி அதிகாரிகள் உண்டு. யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை. இப்படி ஒரு காடும் நிர்வாகமும் இல்லாத அரசர் யானைப்படை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாங்க வேண்டும், பிடுங்க வேண்டும், அல்லது புதிதாக ஒரு காட்டைத் தேடிப் போக வேண்டும். மூன்றுமே நடந்தன.

கைமாறிய மந்தை

கி.மு. 331இல் காகமேலாவில் பாரசீகப் படையோடு வந்த யானைகள் 15. ஐந்து ஆண்டுகள் கழித்து ஜீலம் ஆற்றங்கரையில் போரஸிடம் அலெக்சாண்டர் கண்ட எண்ணிக்கை, யாருடைய கணக்கை எடுத்தாலும், 85க்குக் குறையாது. அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய ஆரியன் 200 என்கிறார். அலெக்சாண்டர் 323இல் பாபிலோனில் இறந்தபோது அவர் படையில் யானைகளும் பாகர்களும் இருந்தார்கள். அவர் உடலை ஏற்றிச் சென்ற தேரில் தீட்டியிருந்த ஓவியத்தை டயடோரஸ் வர்ணிக்கிறார்: யானையின் கழுத்தில் இந்தியப் பாகன், அவனுக்குப் பின்னால் ஆயுதம் தரித்த மக்கெடோனிய வீரன். இந்தப் படைப்பிரிவின் அமைப்பு முழுவதும் அந்த ஒரு படத்தில் அடங்கிவிடுகிறது.

தளபதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் இந்தப் பழைய கையிருப்புதான் கைமாறிக்கொண்டே இருந்தது. பெர்டிக்கஸ் எகிப்தைத் தாக்க யானைகளோடு போனார். யூடமஸ் என்ற தளபதி போரஸைக் கொன்றுவிட்டு அவருடைய 120 யானைகளை மேற்கே ஓட்டிவந்து யூமனிஸின் அணியில் சேர்ந்தார். யூமனிஸ் தோற்றதும் அந்த மந்தை ஆண்டிகோனஸுக்குப் போனது. 312இல் காசாவில், எகிப்தைப் பிடித்துக்கொண்ட தளபதி தாலமி, இரும்பு முள் பதித்த சங்கிலிகளைத் தரையில் போட்டு ஆண்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸின் யானைகளை மடக்கினார். உள்ளங்கால் மென்மையான விலங்கு, முள் தைத்ததும் நின்றுவிட்டது. பாகர்களை அம்பால் வீழ்த்தியபின் யானைகளை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். எதிரியின் யானையைக் கொல்வதைவிடப் பிடிப்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. புதிதாக வருவதற்கு வழியில்லையே.

அந்த வழியைத் திறந்தவர் செலூக்கஸ். கி.மு. 305-303 வாக்கில் சந்திரகுப்த மௌரியரோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் காபூல், காந்தகார் பகுதிகள் மௌரியருக்குப் போயின. பதிலுக்கு 500 யானைகள் வந்தன. எண்ணிக்கை மிகை என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 480 யானைகள் கப்படோக்கியாவில் எண்ணப்பட்டிருக்க, எனக்கு அது அவ்வளவு மிகையாகத் தெரியவில்லை. ஒரோண்டீஸ் ஆற்றங்கரையில் இருந்த அப்பமேயா நகரம் செலூக்கிய யானைப்படையின் தலைமையிடம் ஆனது. ஆனால் இருபது வயதில் பிடிபட்ட யானை முப்பது ஆண்டு உழைத்தால் அதுவே அதிகம். அந்த 500ம் அடுத்த தலைமுறைக்குள் கிழடுதட்டியிருக்கும். கி.மு. 273ஐ ஒட்டிய பாபிலோனிய வானியல் குறிப்பேடு ஒன்றில், கோள்களின் நிலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே, பாக்டிரியாவின் (இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதி) ஆளுநர் அரசருக்கு 20 யானைகள் அனுப்பிய செய்தி பதிவாகியிருக்கிறது. வரத்து அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிறகு பாக்டிரியாவே தனி நாடானது. செலூக்கிய அரசர் மூன்றாம் ஆண்டியோகஸ் 206 வாக்கில் இந்துகுஷ் மலையைத் தாண்டி நேரில் போய்த்தான் தன் மந்தையை 150 ஆக்கிக்கொள்ள முடிந்தது.

செங்கடல் கரையில் ஒரு வேட்டைத் தொழில்

எகிப்தின் தாலமிகளுக்கு அந்தத் தரைவழியும் இல்லை. நடுவே செலூக்கியர்கள் இருந்தார்கள். இரண்டாம் தாலமி தெற்கே திரும்பினார். இன்றைய சூடான், எரித்திரியா கரைகளில் யானை உண்டு என்பது தெரிந்ததும் அங்கே ஆள் அனுப்பினார். யூமிடிஸ் என்பவர் 'வேட்டைகளின் தாலமைஸ்' என்ற பொருள்படும் தாலமைஸ் தேரோன் என்ற குடியிருப்பை அமைத்தார். அவர் அங்கே நிலம் திருத்திப் பயிர் வைத்ததையும், யானைகளைப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பியதையும் எகிப்தின் பித்தோம் கல்வெட்டு பதிவு செய்கிறது.

உள்ளூர் மக்களுக்கு யானை என்றால் இறைச்சி. மரத்தில் பதுங்கியிருந்து வாலைப் பற்றிக்கொண்டு, கோடரியால் பின்னங்கால் நரம்பை வெட்டிச் சாய்ப்பது அவர்கள் முறை. உயிரோடு பிடித்துக் கொடுங்கள், வேண்டியதைத் தருகிறேன் என்று தாலமி சொல்லி அனுப்பினார். உன் அரசு முழுவதையும் கொடுத்தாலும் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்ததாம். இதை எழுதியவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அகதார்கிடீஸ். பதில் அப்படியே வந்ததோ இல்லையோ, தாலமி தன் வேட்டைக்காரர்களுக்குச் சொந்தப் பணத்தைக் கொட்ட வேண்டியிருந்தது உண்மை.

பிடித்த யானையை வடக்கே கொண்டுசெல்வது பிடிப்பதைவிடக் கடினம். இதற்கென்றே யானைக் கப்பல்கள் கட்டினார்கள். சுமை அதிகம் என்பதால் இந்தக் கப்பல்கள் நீரில் ஆழமாக இறங்கி மிதந்தன. செங்கடலோ மணல்திட்டும் பவளப்பாறையும் நிறைந்தது. இரவில் பாய்விரித்து ஓடும் கப்பல் திட்டில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று டயடோரஸ் விரிவாகச் சொல்கிறார். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர். தள்ளவும் முடியாது, இறங்கவும் முடியாது. தீனியைத் தவிர எல்லாவற்றையும் கடலில் எறிவார்கள். அலை மணலைக் கொண்டுவந்து கப்பலைச் சுற்றிக் குவிக்கும். கடைசியில் தீனியும் தீரும். கி.மு. 224ஐச் சேர்ந்த ஒரு பாபிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது; தெற்கே வேட்டையில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. யானைக் கப்பல் மூழ்கிய சேதி தெரிந்தது, மனம் தளராதீர்கள், கோதுமைக் கப்பல்கள் வருகின்றன என்பது அதன் சாரம்.

செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் வாடைக்காற்றே மிகுதி. எதிர்க்காற்றில் பாய்க்கப்பலை ஓட்டுவதைத் தவிர்க்கத்தான் பெரெனிகே துறைமுகத்தை அவ்வளவு தெற்கே அமைத்தார்கள். அங்கே யானைகளை இறக்கி, பாலைவனத்தின் குறுக்கே கிணறும் காவலும் வைத்த தடத்தில் நைல் ஆற்றுக்கு நடத்திச் சென்றார்கள். பெரெனிகேயிலிருந்து நைல் கரை ஊரான கோப்டோஸ் வரை 12 நாள் நடை என்பது பிற்காலத்தில் ரோம எழுத்தாளர் பிளினி தரும் கணக்கு. பெரெனிகே அகழாய்வில் யானைப் பல்லும் மண்டையோட்டுத் துண்டும் கிடைத்துள்ளன. நம்மவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும், ஒரே தாழியில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது இங்கேதான். முசிறி மிளகு இறங்கிய துறை, தொடக்கத்தில் யானை இறக்கக் கட்டிய துறை.

இத்தனை செலவுக்கும் பலன்? கி.மு. 217இல் காசாவுக்குத் தெற்கே ரஃபியாவில் நான்காம் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளும் மூன்றாம் ஆண்டியோகஸின் 102 இந்திய யானைகளும் மோதின. ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை நெருங்கவே மறுத்துத் திரும்பித் தம் படைமேலேயே சாய்ந்தன. இந்திய யானையின் மணமும் பிளிறலும் உருவமும் அவற்றை மிரட்டிவிட்டன என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். ஆப்பிரிக்க யானைதானே பெரியது என்று இன்றைய வாசகர் கேட்பார். அது சிறிய காட்டு இனமாக இருக்கலாம் என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லிவந்தார்கள். எரித்திரியாவில் எஞ்சியிருக்கும் யானைகளின் மரபணுவை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, அவை புல்வெளி இனமே என்று காட்டியது. ஆக, இன வேறுபாட்டைவிட வயதும் பழக்கமும்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கப்பலில் ஏற்றக்கூடிய அளவு யானை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்? இத்தனைக்கும் அன்றைய போரில் வென்றது தாலமிதான், அதுவும் காலாட்படையால்.

துனீசியக் கரையில் இருந்த கார்த்தேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. அட்லஸ் மலையடிவாரக் காடுகளில் யானை இருந்தது. சிசிலியில் கிரேக்க அரசர் பைரஸின் யானைகளை எதிர்கொண்ட சில ஆண்டுகளுக்குள் அவர்களே யானை கட்டத் தொடங்கி, 262இல் அக்ரிஜெண்டத்தில் ரோமர் முன் நிறுத்தினார்கள். 255இல் ரோமத் தளபதி ரெகுலஸின் படையை மிதித்தவை ஏறக்குறைய நூறு. கார்த்தேஜ் மதிலுக்குள் 300 யானைகளுக்குக் கொட்டில் இருந்ததாக வரலாற்றாசிரியர் ஆப்பியன் எழுதுகிறார். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் 37 யானைகளும் ஆல்ப்ஸ் மலையும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கொட்டிலில் நடந்தது

பிடிக்கும் முறைகளில் தெளிவாகக் கிடைப்பது இந்திய முறைதான். சந்திரகுப்தரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் சொன்னதை ஸ்ட்ராபோவும் ஆரியனும் பாதுகாத்திருக்கிறார்கள். ஒரு வெட்டவெளியைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி, உள்ளே செல்ல ஒரே பாலம் வைப்பார்கள். நடுவில் நன்கு பழகிய மூன்று நான்கு பெண் யானைகளை விடுவார்கள். இரவில் மணம் பிடித்துக் காட்டு யானைகள் உள்ளே வந்ததும் பாலத்தை எடுத்துவிடுவார்கள். பட்டினியில் தளர்ந்த பிறகு கும்கிகள் மேல் ஏறி வந்து மோதவிட்டு, களைத்ததும் பாகர்கள் இறங்கிக் கால்களைப் பிணைப்பார்கள். கழுத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி அந்தப் புண்ணிலேயே கயிற்றைக் கட்டுவார்கள், திமிறினால் வலிக்கும். பிறகு கொட்டிலில் புல்லும் பச்சை நாணலும் கொடுத்து, முரசும் தாளமும் கொட்டிப் பாடி ஆற்றுவார்கள். கொடுமையும் கொஞ்சலும் மாறி மாறி வரும் இந்த முறையின் சாயல் நம் காடுகளில் யானையை அடைத்துப் பழக்கும் மரக்கூண்டுகளான கரால்களில் இன்றும் உண்டு. ஆப்பிரிக்காவில் குழிவெட்டிப் பிடிப்பதும், குதிரைவீரர்கள் மந்தையைக் கரைகட்டிய பள்ளத்துக்குள் விரட்டிப் பட்டினி போடுவதும் நடந்ததாகப் பிளினி சொல்கிறார். நீட்டிய கிளையை மனிதன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டால் யானை படிந்துவிட்டது என்று கொள்வார்களாம்.

படிந்த யானையைச் சுமை இழுக்கவைக்கலாம், போருக்குக் கொண்டுபோக முடியாது. கூச்சலுக்கும் தீக்கும் காயத்துக்கும் ஓடாமல் நிற்க அது கற்க வேண்டும். கி.மு. 46இல் ஆப்பிரிக்காவில் சீசருக்கு எதிராக நின்ற மெட்டெல்லஸ் ஸ்கிப்பியோ செய்த பயிற்சி பதிவாகியிருக்கிறது. எதிரே ஒரு வரிசை கவண்காரர்கள், எதிரிபோல் நின்று யானை முகத்தில் சிறுகற்களை எறிவார்கள். யானைகள் திரும்பி ஓடிவந்தால் பின்னால் நிற்கும் சொந்தப் படை மறுபடி கல்லெறிந்து முன்னே திருப்பும். ஆண்டுக்கணக்கில் பழக்கினாலும் யானை இரு தரப்புக்கும் ஆபத்துதான் என்று அதை எழுதியவரே சலித்துக்கொள்கிறார். மெகாரா முற்றுகையில் தார் பூசிக் கொளுத்திய பன்றிகளை விட்டு மக்கெடோனிய அரசர் ஆண்டிகோனஸ் கோனடஸின் (முன்பு சொன்ன ஆண்டிகோனஸின் பேரன்) யானைகளை ஊரார் கலைத்தார்கள். அதன்பிறகு யானைக் கொட்டிலில் பன்றியையும் சேர்த்து வளர்க்கச் சொல்லி அவர் ஆணையிட்டாராம். குதிரைக்கும் இதே பாடம் தேவைப்பட்டது. ரோமரின் யானைகளைச் சந்திக்கவிருந்த மக்கெடோனிய அரசர் பெர்சியஸ் மரத்தில் யானை செய்து, உள்ளே ஆளை வைத்து எக்காளம் ஊதச்செய்து தன் குதிரைகளைப் பழக்கினார்.

எல்லாவற்றுக்கும் மேல் பாகன். யானையை வாங்குவது என்றால் அவனையும் சேர்த்து வாங்குவதுதான். யானைக்கு இந்திய மொழி மட்டுமே புரியும் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். இரண்டாம் தாலமிக்குப் பரிசாக வந்த குட்டி ஒன்று கிரேக்கம் பேசுவோர் நடுவே வளர்ந்து கிரேக்கத்துக்குக் கீழ்ப்படிந்ததை ஈலியன் ஒரு புதுமையாகவே எழுதுகிறார். இங்கேயும் அப்படித்தான்: முல்லைப்பாட்டின் பாசறையில் இளைஞர்கள் கவைமுள் கருவியோடு வடமொழிச் சொற்களைப் பயிற்றித்தான் யானைக்குக் கவளம் ஊட்டுகிறார்கள். பாகன் போகும் இடமெல்லாம் அவன் கட்டளைச் சொற்களும் போயின. பாகன் விழுந்தால் யானை யாருடையதும் இல்லை. 272இல் ஆர்கோஸ் நகரத் தெருவில் நிகோன் என்ற யானை, விழுந்த தன் பாகனைத் தேடி எடுத்துத் தந்தத்தின்மேல் தாங்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நண்பன் எதிரி பாராமல் மிதித்தது. இந்த நிலைமைக்கு ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபால் கண்ட தீர்வு கொடியது. 207இல் மெட்டாரஸ் போரில் அவருடைய பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. யானை கட்டு மீறினால் காதுகளுக்கு நடுவே, தலை கழுத்தோடு சேரும் இடத்தில் உளியை வைத்து அடிக்க வேண்டும். அன்று எதிரி கொன்ற யானைகளைவிடப் பாகர்கள் கொன்றவையே அதிகம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி.

பயிற்சிக்குக் காலம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 202இல் ஜாமா காட்டியது. ஹன்னிபாலின் 80 யானைகள், அவர் அதுவரை களத்தில் நிறுத்தியதிலேயே அதிகம், எக்காளச் சத்தத்திலேயே கலைந்தன. பல அண்மையில் பிடிபட்டவை.

வரத்தை அடைத்தவர்கள்

ரோமர்கள் களத்தில் யானையைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது பாதி உண்மைதான். மற்றப் பாதி அவர்களுடைய உடன்படிக்கைகளில் இருக்கிறது. 201இல் கார்த்தேஜ் ஒப்புக்கொண்ட நிபந்தனை: பழக்கிய யானைகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், இனிப் புதிதாகப் பழக்கவும் கூடாது. இரண்டாவது வாக்கியத்தை எழுதியவருக்கு யானைப்படை எப்படி உருவாகிறது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. 190இல் மக்னீசியாவில் 54 யானைகளோடு தோற்ற மூன்றாம் ஆண்டியோகஸுக்கும் 188இல் அதே கதி: அப்பமேயாவில் இருக்கும் யானைகளைக் கொடு, இனி வைத்துக்கொள்ளாதே. தாலமிகளை யாரும் தடுக்கத் தேவையிருக்கவில்லை. ரஃபியாவுக்குப் பத்தாண்டுக்குப் பின் தெற்கு எகிப்து கிளர்ந்தெழுந்து 186 வரை அரசரின் கையை விட்டுப் போயிருந்தது. பெரெனிகேத் தடம் இறங்கும் நிலமே அதுதான்.

செலூக்கியர்கள் சொல்லை மீறி யானை வைத்திருந்தார்கள். 162இல் பெத் சக்கரியாவில் யூதக் கிளர்ச்சியாளர்களான மக்கபேயர்களுக்கு எதிராக 32 யானைகள் வந்ததாக யூத நூல் சொல்கிறது. சண்டைக்கு உசுப்ப அவற்றுக்குத் திராட்சைச் சாறும் முசுக்கட்டைச் சாறும் காட்டினார்களாம். அதே ஆண்டு ரோமிலிருந்து நேயஸ் ஆக்டேவியஸ் தலைமையில் தூதுக்குழு ஒன்று சிரியாவுக்கு வந்தது. போர்க்கப்பல்களை எரிப்பதும், யானைகளின் கால் நரம்பை அறுப்பதும் அவர்களுக்கு இட்ட வேலை. ஊர் பொறுக்கவில்லை. லவோடிகேயாவில் லெப்டினஸ் என்பவர் ஆக்டேவியஸைக் கொன்றார். பின்னர் செலூக்கிய அரசர் முதலாம் டெமெட்ரியஸ் கொலையாளியை ரோமுக்கே அனுப்பினார். ரோமின் ஆட்சிமன்றமான செனட் அந்தக் கொலையாளியை ஏற்றுக்கொள்ளாமல் விட்டது. குற்றவாளியைத் தண்டித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமே. தீராமல் வைத்திருப்பது ரோமுக்கு வசதி.

ரோமர்களே யானைப்படை கட்டியிருக்கலாம். வட ஆப்பிரிக்காவின் நுமிடிய அரசர்கள் நண்பர்களாக இருந்தவரை கேட்டால் கிடைத்தது. மக்னீசியாவிலேயே 16 ஆப்பிரிக்க யானைகள் ரோமர் பக்கம் பின்வரிசையில் நின்றன. ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக வளர்க்கவில்லை. 46இல் தாப்ஸஸில் சீசரிடம் பிடிபட்ட 64 யானைகளோடு மத்தியதரைக் கடலோரப் போர்களில் யானைப்படையின் காலம் ஏறக்குறைய முடிந்தது. பேரரசு காலத்தில் ரோமுக்குத் தெற்கே லவுரெண்டம் அருகே அரசாங்க யானை மந்தை ஒன்று இருந்தது. அதற்கென ஒரு கண்காணிப்பாளரும் இருந்தார். அவை கேளிக்கை அரங்குக்காக. அரங்கும் தந்த வியாபாரமும் அட்லஸ் காடுகளை வெறுமையாக்கின. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிடோர் எழுதும்போது, யானை முன்பு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பிறந்தது, இப்போது இந்தியாவில் மட்டுமே பிறக்கிறது என்கிறார். சகாராவுக்குத் தெற்கே என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் அறிந்த ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னது சரிதான்.